ஸ்டேட்டிக்கா, டைனமிக்கா: கம்பைலரை லேபுக்கு அனுப்பும் முன்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து மாணவர்களுக்காக ஒரு சின்ன நிரல்மொழி செய்துகொண்டிருக்கிறோம். மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், பிழைச்செய்தி தமிழில் வரும். எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது கம்பைலர். அதில் கனமான வேலையை எல்எல்விஎம் என்ற ஆயத்தக் கருவித்தொகுப்பு பார்த்துக்கொள்கிறது. மொழி ஓரளவு தயார். இனி அதை வெளியே கொடுக்க வேண்டும். எல்லா லைப்ரரியையும் (பிறர் எழுதி வைத்த ஆயத்தக் குறிமுறைகள்) உள்ளே அடக்கி ஒரே பைனரியாக, அதாவது நேரே ஓடும் கோப்பாகக் கொடுப்பதா (ஸ்டேட்டிக்), லைப்ரரிகளைத் தனியே விட்டு ஓடும் நேரத்தில் தேடிப் பிடித்துக்கொள் என்று கொடுப்பதா (டைனமிக்) என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. எனக்கு ஒரு தெளிவான சாய்வு உண்டு. ஆனால் அது 'ஸ்டேட்டிக்தான் சரி' என்ற ஒற்றை வரி அல்ல.

முதலில் இது யார் கைக்குப் போகப்போகிறது என்று பார்ப்போம். இந்த மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் பஞ்சமில்லை. ஆரல்வாய்மொழியில் பஸ் ஏறிக் களியக்காவிளை போய்ச் சேர்வதற்குள் எத்தனை கல்லூரிப் பலகைகள்! லேப்கள்தான் ஒன்றுபோல் இருக்காது. ஒரு லேபில் விண்டோஸ் 10. மாணவர் லாகினுக்கு அட்மின் அனுமதி கிடையாது, மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் சி டிரைவ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அடுத்த லேபில் உபுண்டு 18.04, போட்ட நாள் முதல் அப்டேட் என்ற பேச்சே இல்லை. அதே மாணவனின் வீட்டு லேப்டாப்பில் உபுண்டு 24.04. இங்கிருந்து தினமும் ரயிலேறித் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்குப் போய்வரும் கூட்டமும் எங்கள் பயனர்களில் உண்டு. அவர்களைப் பற்றிக் கவலையில்லை, எதைக் கொடுத்தாலும் ஓட்டிவிடுவார்கள். மற்றவர்களுக்கு மென்பொருள் பயணிப்பது பெரும்பாலும் பென் டிரைவில். இந்த ஒரு தகவல் பின்னால் நிறைய விஷயங்களைத் தீர்மானிக்கிறது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே பிரித்துவிட வேண்டும். நிரலையும் லைப்ரரிகளையும் இணைப்பதுதான் லிங்கிங், அதைச் செய்யும் கருவி லிங்கர். கம்பைலர் விஷயத்தில் லிங்கிங் கேள்வி ஒன்றல்ல, இரண்டு. கம்பைலர் என்ற நிரல் எப்படி லிங்க் ஆகியிருக்கிறது என்பது ஒன்று. அந்தக் கம்பைலர் உருவாக்கித் தரும் மாணவனின் நிரல் எப்படி லிங்க் ஆகிறது என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஒரு விடையும் இரண்டாவதற்கு வேறொரு விடையும் சொல்லலாம், முரண்பாடு இல்லை. எங்கள் வாக்குவாதத்தில் பாதி, இந்த இரண்டையும் குழப்பியதால் வந்தது.

டைனமிக் பக்கம்

டைனமிக் லிங்கிங்கில் பைனரிக்குள் 'எனக்கு இன்ன லைப்ரரி, இன்ன பெயரில் வேண்டும்' என்ற குறிப்பு மட்டும் இருக்கும். ஓடத் தொடங்கும்போது கணினியில் இருக்கும் லோடர் என்ற நிரல் அதைத் தேடி இணைக்கும். லைப்ரரி இல்லாவிட்டாலோ, இருந்தும் பதிப்பு ஒத்துப்போகாவிட்டாலோ நிரல் முதல் வரிக்கே வராது. லேப் அசிஸ்டண்ட் போன் செய்து, "அண்ணே, லிப் என்னமோ காணோம்னு சொல்லுது, பையங்க சும்மா இருக்கானுவ" என்பார். அந்த 'என்னமோ' எது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

எங்கள் கம்பைலருக்கு வெளியிலிருந்து வேண்டியவை: சி லைப்ரரி, சி++ ஸ்டாண்டர்ட் லைப்ரரி, எல்எல்விஎம், அது கூட்டிக்கொண்டு வரும் ஸீலிப், ஸீஸ்டாண்டர்ட் போன்ற தரவைச் சுருக்கும் சிறுசுகள், அப்புறம் யூனிகோட் வேலைக்கு ஐசியூ. இவற்றில் ஒவ்வொன்றும் வேறு குணம் கொண்டது.

மிகப் பெரியது எல்எல்விஎம். எல்லா ப்ராசஸருக்குமான பகுதிகளோடு எடுத்தால் அதன் பகிர்வு லைப்ரரி (டைனமிக்காக இணைக்கும் வடிவம்) மட்டுமே 100 எம்பியைத் தாண்டும். அளவைவிடப் பெரிய தொல்லை அதன் பதிப்பு. ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வரும், ஒவ்வொன்றிலும் அதன் சி++ இடைமுகம் மாறும். உபுண்டு 20.04-இல் இயல்பாக இருப்பது எல்எல்விஎம் 10, 22.04-இல் 14, 24.04-இல் 18. இடையில் பாயிண்டர்களைக் கையாளும் முறையையே மாற்றிவிட்டார்கள். 15-ஆம் பதிப்பில் வகையற்ற பாயிண்டர் இயல்பானது, 17-இல் பழைய முறை அடியோடு போனது. கணினியில் ஏற்கெனவே இருக்கும் எல்எல்விஎம்மைப் பயன்படுத்திக்கொள்வோம் என்றால் மூன்று பதிப்புகளுக்கும் ஏற்ற மாதிரி எங்கள் குறிமுறையை எழுதி, மூன்றிலும் சோதித்து, மூன்று பைனரி கொடுக்க வேண்டும். மாலையில் வேலை முடிந்து வந்து உட்காரும் நாலு பேருக்கு இது கட்டுப்படியாகாது.

ஐசியூ அதைவிட மோசம், ஆனால் நம் ஆட்கள் இதைக் கவனிப்பதில்லை. தமிழில் மாறிப்பெயர் வைக்க அனுமதித்தால் ஒரே பெயர் இரண்டு விதமாகச் சேமிக்கப்பட வாய்ப்புண்டு. 'கொ' என்பதை ககரத்தோடு ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒரு மாணவன் ஒரு கீபோர்டில் 'கொள்ளளவு' என்று அறிவித்து, இன்னொருவன் வேறு கீபோர்டில் அதையே பயன்படுத்தினால் கம்பைலர் 'அறிவிக்கப்படாத பெயர்' என்று சொல்லும், இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு விழிப்பார்கள். ஆகவே எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் யூனிகோட் இயல்பாக்கம் கட்டாயம் தேவை. இதற்கு ஐசியூவை டைனமிக்காக இணைத்தால், உபுண்டு 20.04-இல் அதன் எண் 66, 22.04-இல் 70, 24.04-இல் 74. கோப்பின் பெயரில் மட்டுமல்ல, உள்ளே இருக்கும் செயற்கூறுகளின் பெயர்களோடும் இந்த எண் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றுக்குக் கட்டியது மற்றொன்றில் ஓடவே ஓடாது. ஸ்டேட்டிக்காக இணைத்தால் அதன் தரவுக் கோப்பு பல எம்பி கனக்கும். நாங்கள் ஐசியூவையே விட்டுவிட்டு, ஜூலியா மொழி பயன்படுத்தும் யூடிஎஃப்8பிராக் என்ற குட்டி லைப்ரரிக்கு மாறிவிட்டோம். இயல்பாக்கம் ஒன்றுக்கு அது போதும். ஸ்டேட்டிக்காக உள்ளே போனாலும் எடை தெரியவில்லை.

சி லைப்ரரி வேறு கதை. லினக்ஸில் பெரும்பாலான இடங்களில் இருப்பது ஜிலிப்சி. அதன் நல்ல குணம், பழைய ஜிலிப்சிக்குக் கட்டிய பைனரி புதியதில் ஓடும். கெட்ட குணம், புதியதில் கட்டியது பழையதில் ஓடாது. உபுண்டு 18.04-இல் 2.27, 20.04-இல் 2.31, 22.04-இல் 2.35, 24.04-இல் 2.39. 2021-இல் வந்த 2.34-இல் நிரலைத் தொடங்கி வைக்கும் செயற்கூறுக்கே புதிய பதிப்பு எண் கொடுத்துவிட்டார்கள். ஆகையால் 22.04-இல் சாதாரணமாகக் கட்டிய 'வணக்கம்' நிரல்கூட 20.04-இல் '2.34 இல்லை' என்று சொல்லி நின்றுவிடும். நிரலில் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் இதுதான் கதி.

டைனமிக்குக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்றை நான் ஏற்கவில்லை: நினைவகம் மிச்சமாகும் என்பது. ஒரே லைப்ரரியைப் பல வேறு நிரல்கள் பயன்படுத்தினால் மிச்சம்தான். லேபில் ஒரு மெஷினில் ஒரு மாணவன் ஒரு கம்பைலரை ஓட்டுகிறான், பங்கு போட்டுக்கொள்ள ஆள் ஏது? எட்டு கோப்பை ஒரே நேரத்தில் கம்பைல் செய்தால் எட்டு மடங்கு நினைவகம் போகும் என்பதும் தவறு. ஒரே ஸ்டேட்டிக் பைனரி எட்டு முறை ஓடினாலும் அதன் குறிமுறைப் பக்கங்கள் நினைவகத்தில் ஒரு பிரதிதான் இருக்கும். கர்னல் அதைப் பார்த்துக்கொள்ளும்.

இன்னொரு வாதத்தில் உண்மை இருக்கிறது, அப்டேட் அளவு. எங்கள் பகுதி சில எம்பிதான், வாராவாரம் மாறும். எல்எல்விஎம் வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். தனித்தனியாக இருந்தால் மாறிய சின்னதை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் மழை நாளில் மொபைல் டேட்டாவில் பெரிய பைலை இறக்கிப் பார்த்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இதற்கு வேறு வழி உண்டு. எல்எல்விஎம்மை ஸ்டேட்டிக்காக இணைக்கும்போது எக்ஸ்86 தவிர மற்ற ப்ராசஸர்களை வெட்டிவிடலாம், யாரும் அழைக்காத பகுதிகளை லிங்கரே உதிர்த்துவிடும். பகிர்வு லைப்ரரியில் அது முடியாது, யார் எதைக் கேட்பார்கள் என்று தெரியாததால் எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும். வெட்டியபின் வரும் ஒற்றை பைனரி, முழு எல்எல்விஎம் லைப்ரரியைவிடக் கணிசமாகச் சின்னது.

ஸ்டேட்டிக் பக்கம்

இப்போது எதிர்ப்பக்கம். தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகு ஐஸ், டீசல், அரிசி, குடிதண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டுதான் கிளம்பும். காலையில் போய் மதியம் கரைக்கு வரும் வள்ளத்துக்கு அது வேண்டாத பாரம். ஸ்டேட்டிக் பைனரி அந்த விசைப்படகு. எங்கள் லேப்களில் போனபின் கேட்டு வாங்க ஒன்றும் கிடைக்காது, அதனால் எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் எல்லாவற்றையும் ஸ்டேட்டிக் ஆக்கு என்று சொன்னவுடன் முட்டும் முதல் சுவர் ஜிலிப்சி. அதை முழு ஸ்டேட்டிக்காக இணைக்க முடியும், இணைத்தாலும் அது முழுசாக விடுபடாது. பெயரை முகவரியாக மாற்றுவது, பயனர் விவரம் பார்ப்பது, எழுத்துக் குறியாக்க மாற்றம் ஆகியவற்றுக்கு அது ஓடும் நேரத்தில் வேறு லைப்ரரிகளைத் தேடும், அதுவும் கட்டிய அதே பதிப்பில். லிங்கர் இதை எச்சரிக்கையாகவே சொல்லும். எனவே முழு ஸ்டேட்டிக் வேண்டுமானால் பலரும் போவது மசல் என்ற சி லைப்ரரிக்கு. ஆல்பைன் லினக்ஸ் இதன் மேல்தான் நிற்கிறது. சின்னது, சுத்தமானது, எம்ஐடி உரிமம். ஆனால் அதன் நினைவக ஒதுக்கீடு ஜிலிப்சியைவிட மெதுவானது, 2020-இல் புதிய ஒதுக்கீட்டு முறை வந்த பிறகும். கம்பைலர் என்பதோ கோடிக்கணக்கில் சின்னச்சின்னத் துண்டாக நினைவகம் கேட்கும் நிரல். வேறொரு ஒதுக்கியை உள்ளே வைத்து இதைச் சரிசெய்யலாம். மாணவர்களின் ஐம்பது வரி நிரலுக்கு இது தெரியவும் தெரியாது. ஆகவே நான் இதை ஒரு தடையாக எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மையான தடை வேறு இடத்தில் இருந்தது. எங்களிடம் ஒரு வரி எழுதியவுடன் விடை காட்டும் ஊடாடும் முறை உண்டு. மாணவர்கள் அதிகம் விரும்புவது அதைத்தான். அது எல்எல்விஎம்மின் ஜிட் (ஓடும் நேரத்திலேயே இயந்திர மொழிக்கு மாற்றும் பகுதி) மூலம் ஓடுகிறது. ஜிட் உருவாக்கிய குறிமுறை, அச்சிடும் செயற்கூறைக் கூப்பிடும்போது அதன் முகவரியை ஓடிக்கொண்டிருக்கும் நிரலிடமே டைனமிக் லோடர் வழியாகக் கேட்கும். முழு ஸ்டேட்டிக் மசல் பைனரிக்குள் அந்த லோடர் கிடையாது, 'டைனமிக் லோடிங் இல்லை' என்று கையை விரித்துவிடும். ஒவ்வொரு செயற்கூறின் முகவரியையும் கையால் பட்டியலிட்டு ஜிட்டுக்குக் கொடுக்கலாம்தான். எங்கள் சொந்த ரன்டைமுக்கு (நிரல் ஓடும்போது கூடவே இருக்க வேண்டிய துணைக் குறிமுறை) அது சரி. மாணவன் சி லைப்ரரியிலிருந்து தானே ஏதாவது அழைக்க நினைத்தால் பட்டியல் எங்கே முடியும்?

ரஸ்ட் மொழிக்காரர்களுக்கும் இதே வகைச் சிக்கல் உண்டு. ரஸ்ட் என்றாலே ஸ்டேட்டிக் என்று பலர் நினைக்கிறார்கள், அது உருவாக்கும் நிரல்களில் ரஸ்ட் லைப்ரரிகள் ஸ்டேட்டிக்காக வருவதால். கம்பைலரின் கதை தலைகீழ். ரஸ்ட் கம்பைலர் பைனரி ஒரு சின்ன உறை, உள்ளே இருக்கும் எல்லாமே பெரிய பகிர்வு லைப்ரரிகளில். பிராசிஜரல் மேக்ரோக்கள் (குறிமுறையை உருவாக்கித் தரும் குட்டி நிரல்கள்) கம்பைல் நேரத்தில் லைப்ரரியாக ஏற்றப்பட்டு ஓட வேண்டியிருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மசல் அமைப்புக்கான ரஸ்ட் கம்பைலர்கூட மசலோடு டைனமிக்காகத்தான் இணைகிறது. அவர்கள் எடுத்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது: லைப்ரரிகளைத் தங்களோடே அனுப்புகிறார்கள், ஜிலிப்சியை மட்டும் பயனரின் கணினியிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள், அதற்கு ஒரு பழைய தரையை, அதாவது குறைந்தபட்சப் பதிப்பை, நிர்ணயித்திருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் வந்த 1.64 முதல் அந்தத் தரை ஜிலிப்சி 2.17.

கோ மொழியின் நிலைமை சுலபம், ஏனென்றால் அதற்கு எல்எல்விஎம்மும் இல்லை, சி++ஸும் இல்லை. 2015-இல் வந்த 1.5 முதல் கம்பைலர் கோவிலேயே எழுதப்பட்டது. யாரையும் சாராதவனுக்கு ஸ்டேட்டிக் ஒரு தீர்மானமே அல்ல, இயல்பு. அதைக் காட்டி எங்களிடம் 'கோவைப் பார்' என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஜிக் மொழியைப் பார் என்றால் அர்த்தமுண்டு. எல்எல்விஎம்மையும் லிங்கரையும் உள்ளே அடக்கி லினக்ஸில் முழு ஸ்டேட்டிக் பைனரியாக வருகிறது அது. ஆனால் அதுகூட ஒற்றைக் கோப்பு அல்ல, பக்கத்தில் ஒரு லிப் ஃபோல்டர் வேண்டும்.

இதை எங்கள் குழுவில் முதலில் யாரும் யோசிக்கவில்லை. கம்பைலரின் வேலை கம்பைல் செய்வதோடு முடிவதில்லை. கடைசியில் லிங்கர் வேண்டும், தொடக்கக் கோப்புகள் வேண்டும், ரன்டைம் லைப்ரரி வேண்டும். விண்டோஸ் லேபில் இவற்றில் ஒன்றும் இருக்காது. எல்எல்டி லிங்கரை எங்கள் பைனரிக்குள்ளேயே ஸ்டேட்டிக்காகச் சேர்த்தோம். ரன்டைம் கோப்புகள் சின்னவை என்பதால் அவற்றையும் பைனரிக்குள் பொதிந்து, தேவைப்படும்போது தற்காலிக ஃபோல்டரில் எழுதிக்கொள்கிறோம். தமிழ்ச் செய்திகளுக்கும் அதே வழிதான். வழக்கமான கெட்டெக்ஸ்ட் முறையில் மொழிபெயர்ப்புகள் தனிக் கோப்பாக இருக்கும். கணினியில் தமிழ் லொகேல் (மொழி அமைப்பு) உருவாக்கப்பட்டிருந்தால்தான் அவை எடுபடும், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் ஆங்கிலத்துக்குப் போய்விடும். லேப் மெஷின்களில் தமிழ் லொகேலை எதிர்பார்க்க முடியாது. பிழைச்செய்தி தமிழில் வரும் என்று சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் வந்தால் எங்களுக்கு என்ன மரியாதை?

நடுவழி என்று சொல்லப்படுவது

டைனமிக்காகவே விட்டு, எல்லா லைப்ரரியையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்து அனுப்பலாம் என்பது எங்களில் ஒருவரின் யோசனை. பைனரியின் இருப்பிடத்தை வைத்து 'என் பக்கத்து லிப் ஃபோல்டரில் தேடு' என்று லோடருக்குச் சொல்லி வைக்க வழி உண்டு. ரஸ்ட் செய்வதும் ஏறக்குறைய இதுதான். காகிதத்தில் கொள்ளாம். பென் டிரைவில் வெளங்காது.

லினக்ஸ் பகிர்வு லைப்ரரிகள் பெரும்பாலும் சிம்லிங்க்குகளோடு வரும், ஒரே கோப்புக்கு இரண்டு மூன்று பெயர்கள். பென் டிரைவ்கள் எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட். அவற்றில் சிம்லிங்க் வைக்க இடமில்லை, கோப்பின் இயக்க அனுமதியும் தங்காது. அப்படியே பிரித்துக் காப்பி செய்தால் லிங்க்குகள் காணாமல் போகும், அல்லது ஒரே பெரிய கோப்பு மூன்று பிரதியாகும். டார் கோப்பாக வைத்து மறுமுனையில் பிரிக்க வேண்டும் என்று சொல்லலாம். சொன்னால் கேட்பார்களா? பின் ஃபோல்டரைத் திறந்து, உள்ளே இருக்கும் கம்பைலரை மட்டும் இழுத்து டெஸ்க்டாப்பில் போடுவார்கள். நானும் மாணவனாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

தேடல் வரிசையில் இன்னொரு குழி இருக்கிறது. இன்றைய லிங்கர்கள் பல இடங்களில் இயல்பாக எழுதும் ரன்பாத் என்ற குறிப்பு, எல்டி லைப்ரரி பாத் என்ற சூழல் மாறிக்குப் பிறகுதான் பார்க்கப்படும். லேபில் யாரோ ஒரு சிமுலேஷன் மென்பொருளுக்காக அந்த மாறியை எல்லா லாகினுக்கும் அமைத்து வைத்திருந்தால், எங்கள் லைப்ரரிக்குப் பதிலாக அந்த மென்பொருளோடு வந்த பழைய சி++ லைப்ரரி ஏறிவிடும். பழைய வகை ஆர்பாத் முதலில் பார்க்கப்படும் என்பதால் இதிலிருந்து தப்பிக்கும். ரன்பாத் நேரடித் தேவைகளுக்கு மட்டும்தான் செல்லும், எல்எல்விஎம் தனக்கு வேண்டியதைத் தேடும்போது எங்கள் குறிப்பு உதவாது. இதையெல்லாம் சரிசெய்ய முடியும். சரிசெய்தது எல்லா மெஷினிலும் சரியாகவே இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆள் இல்லை.

பாதுகாப்பு, உரிமம்

பாதுகாப்பு வாதம் டைனமிக்கின் பலமான வாதம் என்பார்கள். 2014-இல் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வந்தபோது, பகிர்வு லைப்ரரி ஒன்றை மாற்றியதும் அதைப் பயன்படுத்தும் எல்லாச் சேவைகளையும் மறுபடி தொடங்கினால் போதும் என்ற நிலை இருந்தது. ஸ்டேட்டிக்காக இணைத்தவர்கள் ஒவ்வொரு நிரலையும் தேடிப் பிடித்து மறுபடி கட்ட வேண்டியிருந்தது. மறுக்க முடியாத வாதம். ஆனால் அது அப்டேட் நடக்கும் கணினிக்கான வாதம். போட்ட நாள் முதல் தொடாத 18.04 மெஷினில் டைனமிக் லைப்ரரியும் அதே பழைய ஓட்டையோடுதான் இருக்கும். மேலும் எங்கள் கம்பைலர் நெட்வொர்க்கில் எதையும் திறந்து வைத்துக் காத்திருப்பதில்லை, மாணவன் எழுதிய கோப்பைப் படிக்கிறது, அவ்வளவுதான். பின்னால் பேக்கேஜ் இறக்கும் கருவி ஒன்று எழுதும்போது டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைய இணைப்பு) லைப்ரரி உள்ளே வரும். அதைத் தனி நிரலாக, கணினியின் லைப்ரரியோடு டைனமிக்காக வைக்க வேண்டும் என்பது என் கருத்து. கம்பைலருக்குள் அதைக் கலக்கவே கூடாது.

உரிமத்தில் சுருக்கமாகச் சொல்லலாம். எல்எல்விஎம் அப்பாச்சி 2.0, விதிவிலக்கோடு. ஜிசிசியின் சி++ லைப்ரரிக்கு ரன்டைம் விதிவிலக்கு உண்டு. ஜிலிப்சி எல்ஜிபிஎல் என்பதால், அதை ஸ்டேட்டிக்காக இணைத்துக் கொடுத்தால் பயனர் வேறு பதிப்போடு மறுபடி இணைத்துக்கொள்ள வழி கொடுக்க வேண்டும். எங்கள் மூலநிரல் முழுக்கத் திறந்தே இருப்பதால் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் எங்கள் கம்பைலரால் ஒரு மாணவன் மூடிய நிரல் கட்டி விற்க நினைத்தால் அவனுக்கு இது பொருந்தும். அடுத்த கேள்விக்கு இது ஒரு காரணம்.

மாணவனின் நிரல்

கோட்பிளாக்ஸில் சி++ கற்ற யாருக்கும் இது பழக்கம். எக்ஸிக்யூடபிளைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அடுத்த மெஷினில் போட்டால் சி++ லைப்ரரி டிஎல்எல் (விண்டோஸின் பகிர்வு லைப்ரரிக் கோப்பு) காணோம் என்று பெட்டி வரும். சில சமயம் டிஎல்எல் இருக்கும், ஆனால் வேறு மென்பொருளோடு வந்த பழையது பாத்தில் முன்னால் நிற்கும், அப்போது வரும் பிழைச்செய்தி இன்னும் புரியாது. முதல் வருட மாணவன் இதைப் பார்த்துத் தன் நிரல் தப்பு என்று நினைத்துக்கொள்கிறான்.

எனவே கம்பைலர் உருவாக்கும் நிரல் இயல்பாகவே முழு ஸ்டேட்டிக்காக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. விண்டோஸில் ரன்டைம் எல்லாம் உள்ளே, வெளியே விண்டோஸ் 10 முதல் கணினியோடே வரும் யூசிஆர்டி என்ற சி லைப்ரரியும் அமைப்பின் டிஎல்எல்களும் மட்டும். லினக்ஸில் மசலோடு முழு ஸ்டேட்டிக். வீட்டு 24.04-இல் கட்டிய ப்ராஜெக்ட் கல்லூரி 18.04-இல் ஓடும், எக்ஸ்டெர்னல் வந்து உட்காரும் நாளில் இதற்கு மேல் என்ன வேண்டும்! மசல் எம்ஐடி உரிமம் என்பதால் மேலே சொன்ன உரிமச் சிக்கலும் இல்லை. வெளி லைப்ரரி சேர்க்க விரும்புகிறவர்களுக்கு டைனமிக் என்று ஒரு தேர்வு இருக்கும், அவர்களே கேட்டு எடுத்துக்கொள்ளட்டும்.

என் தேர்வு

விண்டோஸ் கம்பைலர் முழு ஸ்டேட்டிக். இங்கே விவாதத்துக்கே இடம் குறைவு. ஒரு டிஎல்எல்லிலிருந்து 65,535 பெயர்களுக்கு மேல் வெளிக்காட்ட முடியாது, முழு எல்எல்விஎம் அந்த எல்லையைத் தாண்டக்கூடும். மேக் வைத்திருக்கும் ஒன்றிரண்டு பேருக்கு எல்எல்விஎம் உள்ளே. சி லைப்ரரியை அங்கே ஆப்பிள் டைனமிக்காக மட்டுமே தருகிறது.

லினக்ஸ் கம்பைலருக்கு, எல்எல்விஎம், எல்எல்டி, சி++ லைப்ரரி, ஸீலிப், யூடிஎஃப்8பிராக் எல்லாம் ஸ்டேட்டிக். ஜிலிப்சி மட்டும் டைனமிக். ஊடாடும் முறை இதனால் தப்பிக்கிறது. எது அடிக்கடி மாறுமோ, எது பதிப்புக்குப் பதிப்பு உடையுமோ அது உள்ளே. எது பின்னோக்கிய ஒத்திசைவுக்கு வாக்குக் கொடுத்து அதைக் காப்பாற்றியும் வருகிறதோ அது வெளியே.

ஜிலிப்சியின் தரை எது என்பதில்தான் கடைசி இழுபறி. பல லினக்ஸ்களிலும் ஓடும் பைனரி கட்டப் பைத்தான் உலகம் பயன்படுத்தும் மெனிலினக்ஸ் படிமங்களில் (ஆயத்தமாக அமைத்த லினக்ஸ் சூழல்கள்) 2.28 தரையுள்ளது அல்மாலினக்ஸ் 8 மேல் கட்டப்பட்டது. புதிய கருவிகள், நல்ல பராமரிப்பு. ஆனால் 18.04-இல் இருப்பது 2.27. ஒரே ஒரு எண்ணில் நம்ம லேப்கள் விழுந்துவிடும். அதைவிடப் பழைய படிமம் ஒன்று சென்ட்ஓஎஸ் 7 மேல், தரை 2.17. சென்ட்ஓஎஸ் 7 ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. இன்னும் ஓடும், ஆனால் கட்டும் மெஷினே அப்டேட் இல்லாத மெஷினாகிவிடும். மூன்றாவது வழி ஜிக்கின் சி கம்பைலர். எந்த ஜிலிப்சி பதிப்பை இலக்காகச் சொன்னாலும் அதற்கேற்ப இணைத்துத் தரும். எல்எல்விஎம் முழுவதையும் அதனால் கட்டுவதில் சில ஒட்டுவேலை இருக்கிறது, இருந்தாலும் நான் இதற்குத்தான் கை தூக்குகிறேன். இலக்கு 2.17.

டெபியன், ஆர்ச் போன்றவற்றுக்கு யாராவது பேக்கேஜ் செய்ய முன்வந்தால், எல்லாவற்றையும் கணினியின் லைப்ரரிகளோடு டைனமிக்காக இணைக்கும் ஒரு பில்ட் தேர்வு இருக்கிறது. அந்த உலகத்தில் பதிப்புகளைப் பார்த்துக்கொள்ளப் பராமரிப்பாளர்கள் இருக்கிறார்கள், மறுபடி கட்டும் எந்திரங்கள் இருக்கின்றன, அங்கே டைனமிக்தான் முறை. நாங்கள் கொடுக்கும் கோப்புக்கு வேறு சோதனை. பில்ட் ஸ்கிரிப்ட்டின் கடைசி வரி பைனரியின் லைப்ரரிப் பட்டியலைப் படிக்கும். ஜிலிப்சியின் சொந்தக் கோப்புகளைத் தவிர வேறு ஒரு பெயர் தென்பட்டாலும், 2.17-ஐவிடப் புதிய குறியீடு ஒன்று கேட்கப்பட்டாலும் பில்ட் தோல்வி. 18.04 போட்ட ஒரு பழைய டெஸ்க்டாப்பைத் திங்கள்சந்தை பக்கம் ஒரு நண்பரின் கடையில் அதற்கென்றே விட்டு வைத்திருக்கிறோம், நெட் இணைப்பு இல்லாமல்.